குடையா, கோடாலியா

பெலிக்ஸை யார் வேண்டுமானாலும் தூக்கலாம் என்று இராஜபாளையத்தில் ஏதோ சட்டம் போட்ட மாதிரிதான் எல்லாரும் நடந்துகொண்டார்கள். நாற்பதைத் தாண்டிய மனுஷன். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். ஆனால் உயரம் மூன்றரை அடி. டவுன் பஸ்ஸில் ஏறப்போனால் கேட்காமலே அக்குளில் கை கொடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட மகராசிகளும் உண்டு. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் வருஷா வருஷம், முறுக்கு மீசையோடு, அவர்தான் ஆட்டுக்குட்டி. மேய்ப்பன் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போவான். பாசத்தில் செய்கிறவர்களைத் திட்டவும் வழியில்லை. மனுஷன் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு கோடாலி வந்து சேர்ந்தது.

கம்பெனி முதலாளி காளிராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு வீடியோ கேம் சென்டர் திறந்தார். பால்கோவா வாங்க வருகிற கூட்டத்தில் பாதி உள்ளே நுழைந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். வாசலில் நிறுத்த, விளையாட்டில் வருகிற குள்ள வீரன் மாதிரி ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"ஏலே பெலிக்ஸு, ஒனக்குன்னே படைச்ச வேலைலே," என்றார். பெலிக்ஸைவிடப் பத்து வயது இளையவர். சம்பளம் கொடுக்கிற வாய்க்கு வயது தெரியுமா?

வேஷம் கட்டிவிட்டவள் எலினா. அனிமேஷன் படித்துவிட்டு சென்டரை அலங்கரிக்க வந்த பெண். தலைக்கு ஓர் அலுமினியச் சட்டி. தாடிக்குக் கம்பெனியின் சர்ஜிக்கல் பஞ்சு முழுசாக ஒரு ரோல். கோடாலி மட்டும் நிஜம், விறகுக் கடையில் வாங்கியது. யாருக்கும் பட்டுவிடக் கூடாதென்று அதன் வாயில் பேண்டேஜ் சுற்றியிருந்தாள். அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கோடாலி போல இருந்தது.

"ஏம்மா, குள்ளனுக்கு எதுக்குக் கோடாலி? வேல்கம்பு குடுத்தா ஆகாதா?" என்று காளிராஜ் கேட்டார்.

"ஆகாது சார். வடக்க பனி நாட்டுப் பழங்கதைல இவங்க மலையைக் குடைஞ்சு உள்ள இருக்கிற கொல்லங்க. சுரங்கத்துல நீளமான வேல்கம்பச் சுத்த முடியுமா? கையில கெடந்த சுத்தியலும் கோடாலியும்தான் ஆயுதம்னு பொறவு எழுதினவங்க வச்சிட்டாங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் காப்பி. பேச்சும் அப்பிடித்தான். இங்கிலீஷ் கேம்ல எல்லாக் குள்ளரும் ஸ்காட்லாந்து மலைக்காரங்க மாதிரிதான் பேசுவாங்க."

"அப்ப சரி. ஏலே, நீ மலையடிவாரத்துப் பேச்சு பேசு. வ. புதுப்பட்டிக்காரன் மாதிரி."

"நான் வ. புதுப்பட்டிக்காரன்தான் மொதலாளி. இம்புட்டு நாளும் அதத்தான் பேசிட்டிருக்கேன்."

"அது பத்தாதுலே. இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசு."

முதல் நாள் காலையில் அதிசயம் நடந்தது. தடித்த ஆள் ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஆசையாக வந்தார். தூக்கத்தான். கோடாலியைப் பார்த்தார். நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்று, தானாகக் கும்பிட்டன. "அண்ணாச்சி, உள்ள போலாமா?" என்றார். பெலிக்ஸ் கோடாலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வழிவிட்டார். அதுவரை அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் யாருமில்லை. மத்தியானம் வரை யார் கையும் அவர்மேல் படவில்லை. பஞ்சுத் தாடிக்குள் வேர்த்து வழிந்தும் ராஜா மாதிரி நின்றார்.

அந்த ராஜ்யத்துக்கு உலை வைக்க சீனிச்சாமி வந்தார். ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், கோயில் மண்டபத்தில் புராணம் சொல்கிறவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பெலிக்ஸைச் சுற்றி வந்தார்.

"குள்ளருன்னா குடையும் கமண்டலமும்லா இருக்கணும்? வாமனர் அஞ்சாவது அவதாரம். கோடாலி ஆறாவது அவதாரத்துக்குள்ளது. அஞ்சையும் ஆறையும் ஒரே ஆள் மேல ஏத்தினா எப்பிடி?"

"ஐயா, இது சாமி இல்ல. கேம்," என்றாள் எலினா.

"இந்த ஊருல குள்ளருன்னா ஒரே குள்ளருதாம்மா."

கூட்டம் கூடிவிட்டது. வாமனருக்குத் தாடி ஏது என்று ஒருவர் கிளப்பினார். அப்படியானால் இவர் அகத்தியர் என்றார் இன்னொருவர். அகத்தியரானாலும் கமண்டலம் உண்டே, கோடாலி இல்லையே என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். வியாபாரம் செய்ய வந்த ஊரில் வம்பு எதற்கு? காளிராஜ் கோடாலியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, தன் மடக்குக் குடையையும் குடிதண்ணீர்ச் செம்பையும் பெலிக்ஸ் கையில் திணித்தார்.

குடை விரிந்ததுதான் தாமதம், ஒரு பிளாட் புரோக்கர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம லேஅவுட்ல வந்து மூணடி மட்டும் வச்சிட்டுப் போங்க. பிளாட்டு பூரா வித்துரும்."

"நான் ஆர்.சி. சபைக்காரன்யா."

"அதனால என்ன? அடி எல்லாருக்கும் அடிதான."

அடுத்து ஓர் அம்மாள், "செத்த நேரம்," என்று சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கி இடுப்பில் வைத்து செல்ஃபி எடுத்தாள். எடுத்ததும் கீழே விடாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் மைத்துனரிடம் கொடுத்தார். பிரசாதத் தொன்னை மாதிரி பெலிக்ஸ் வரிசையில் கைமாறிக்கொண்டே போனார். குடை ஒரு பக்கம் சாய்ந்தது, செம்புத் தண்ணீர் யார் சட்டையிலோ கொட்டியது. காலையில் கும்பிட்ட அந்தத் தடித்த ஆளும் இப்போது கைநீட்டி வாங்கிக்கொண்டார். அதைத்தான் பெலிக்ஸால் தாங்க முடியவில்லை.

"எறக்கி விடுங்கலே!"

தெருவே நின்றது. பேச்சைக் கூட்டச் சொன்ன காளிராஜே ஓரடி பின்னால் போனார்.

தரைக்கு வந்த பெலிக்ஸ் குடையை மடக்கி சீனிச்சாமியிடம் நீட்டினார்.

"ஐயா, வாமனருக்குக் குடை போதும். அவரு கடைசில வானம் முட்ட வளந்துட்டாருல்லா? நான் இம்புட்டுத்தான். இனி வளர மாட்டேன். வளராதவன் கையில கோடாலி இருந்தாத்தான் நாலு பேரு கையக் கட்டிட்டு நிப்பான். பனி நாட்டுலயும் இதத்தான் கண்டுபுடிச்சிருப்பான்."

சீனிச்சாமி குடையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் கோடாலியை எடுத்து வந்தார். "வாங்கிக்கிடுங்க," என்று இரண்டு கைகளாலும் கொடுத்தார். குடையை அவரே வைத்துக்கொண்டார். காளிராஜ் அது தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

சாயங்காலம் இராஜபாளையம் பஸ் வந்து நின்றபோது படி பெலிக்ஸின் இடுப்புக்கு மேல் இருந்தது. பஸ் ஏற்றிவிட வந்து பின்னால் நின்ற காளிராஜின் கைகள் பழக்கதோஷத்தில் அவர் அக்குளுக்குப் போயின. தோளில் கோடாலி இருந்தது. கைகள் திரும்பி வந்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டன.

"ஏறுங்க பெலிக்ஸ்," என்றார் காளிராஜ்.

முதல் தடவை வழுக்கி விழுந்தார். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு கைகூட நீளவில்லை. இரண்டாம் தடவை கம்பியைப் பிடித்து, படியில் முழங்காலைத் தேய்த்து, ஏறியேவிட்டார். முழங்காலில் ரத்தம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கோடாலி வாயில் சுற்றியிருந்த பேண்டேஜை நிதானமாக அவிழ்த்து, காலில் கட்டிக்கொண்டார். நன்றாக எரிந்தது. அவருக்குச் சிரிப்பாக வந்தது.

கண்டக்டர் வெறும் கோடாலியைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றார். "அண்ணாச்சி, எங்க போகணும்?"

"வீட்டுக்கு," என்றார் பெலிக்ஸ்.