கம்பத்தில் சிவப்புத் துணி

நான் எழுதிய நிரல் தப்பே செய்யாது என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பிய முதல் ஆளும் நான்தான்.

ஏரியில் இறால் பிடிக்கும் இடத்துக்கும், அங்கே போகும் முறைக்கும் பாடு என்று பெயர். எந்த நாள் யாருடைய பாடு என்று பட்டியல் போடுவது என் நிரலின் வேலை. விதிகள் மட்டும் அதற்குள் பைத்தான் மொழியில் தனியாக இருக்கும். ஊர்க் கூட்டம் விதியை மாற்றினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.

மீனவர் சங்கத்துக்குப் புதுக் கணினி வந்தது, புதுப் பதிப்பு பைத்தானோடு. மறுநாள் பாடு உலகநாதனுடையது. அவருடைய அப்பாவின் பங்கு அவர் பேருக்கு வந்த பிறகு இதுதான் முதல் முறை. சாயங்காலம் நான்கு மணிக்கு வந்த பட்டியலில் அவர் பெயரே இல்லை.

"இன்னா முரளி சாரு, நான் பொறந்ததையே உன் மிசினு ஒத்துக்கலியா? ஆறு மணிக்கு மைக்குல இதைப் படிச்சிட்டா, இதுல பேரு இருக்கிற தருமலிங்கம் என் எடத்துக்குப் போயிடுவாரு. அப்பால என் மொறை வர இருபது நாளு ஆவும்."

லீவில் வந்திருந்த அவர் தங்கை ஐஸ்வர்யா, சென்னையில் நிரல் எழுதுபவள், என் வரிகளைப் படித்தாள். சிரிக்கவில்லை. அதுவே பெரிய மனசு.

"அண்ணன் பங்குக்குத் தொடக்கத் தேதி போடல. விதி பிழைனு கத்துது. நீங்க பிழையோட வாசகத்தைப் பாத்துதான் பிழைனு நம்புறீங்க, முரளிண்ணா. புதுப் பதிப்புல வாசகம் மாறிடுச்சு. தெரியாத வாசகம்னதும் ஒண்ணுமில்லனு நேத்து பட்டியலையே போட்டுடுது."

அண்ணனிடம் திரும்பினாள். "உங்க பாடு வர்ற நாள்ல போவ முடியலைனா இன்னா பண்ணுவீங்க?"

"கம்பத்துல செவப்புத் துணி கட்டுவோம்."

"காய்ச்சலா, வலை கிழிஞ்சிச்சானு கேப்பாங்களா?"

"எவன் கேப்பான்? துணி இருந்தா ஆள் வரலனு அர்த்தம்."

"அவ்ளோதான்ணா."

விதிகளுக்கும் என் நிரலுக்கும் நடுவே ஒரே வாசல் வைத்தாள். எந்தப் பதிப்பில் எந்தப் பிழை வந்தாலும் அந்த வாசலில் பிடிபட்டு, என் நிரலுக்கு ஒரே சேதியாகப் போகும்: துணி. காரணம் தனிக் கோப்பில் கிடக்கும். துணி தெரிந்தால் பட்டியல் அச்சாகாது. எட்டே வரிகள். நான் எழுதியிருந்தால் எண்பது ஆகியிருக்கும்.

பழைய கணினி, புதுக் கணினி இரண்டிலும் ஓட்டினாள். இரண்டும் ஒரே வரி சொல்லின: "பட்டியல் நிற்கிறது. ஆளைக் கேள்." தேதியைப் போட்டாள். ஐந்தே முக்காலுக்குப் புதுப் பட்டியல். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் முதல் பெயர் உலகநாதன்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டவர் என் கையில் ஒரு சிவப்புத் துணியைத் திணித்தார். "இன்னிக்கு உன் வாசல்ல கட்டிக்க, சாரு."

கட்டினேன். ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை.