மூன்றாவது மாடிக்கு ஒரு கத்தி

"பையில என்னம்மா இருக்கு?"

"தக்காளி ரெண்டு. தட்டு ஒண்ணு. துண்டு. அப்புறம் கத்தி."

மருத்துவமனை வாசலில் வரிசை அப்படியே நின்றுபோனது. அவளுக்குப் பின்னால் பிளாஸ்க்கோடு நின்றிருந்தவர் ஓரடி பின்வாங்கினார். காவலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகத்தில் பாதியை மீசையே எடுத்துக்கொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டு, காலண்டர் அட்டையில் தைத்த உறையிலிருந்து கத்தியை உருவினார். உறையை அவள்தான் தையல் மெஷினில் கொடுத்து, இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கத்தி எதுக்கும்மா?"

"வீட்டுக்காரர் கேட்டார். மூணாவது மாடில இருக்கார்."

"அவர் கேட்டார்னு கொண்டாந்துடுவீங்களா? நாளைக்கு அருவா கேட்டா?"

"கேக்க மாட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு கத்தி போதும்னு சொல்ற ஆளு அவர்."

"யாரையாவது குத்திட்டீங்கன்னா என் வேலை போயிடும்."

"நாப்பத்தோரு வருஷம் கூடவே இருந்து குத்தாதவ, இன்னிக்கா குத்தப் போறேன்?"

வரிசையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். காவலாளியின் மீசை ஒரு பக்கமாக ஆடியது, சட்டென்று அடக்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் அவள் கணவர் ஒரு தக்காளி கேட்டார். பத்து நாளாகக் கஞ்சியைத் தவிர எதையும் வாயில் வைக்காத மனிதர். வார்டு ஆயா நல்ல மனதோடு ஓடிப்போய் ஒரு தக்காளியை நறுக்கிக் கொண்டுவந்தாள். அவர் தட்டைப் பார்த்தார். "இது நறுக்கினது இல்ல. விபத்து," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அவர் எடை முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைவீதியில் அவர் பெயரே 'முத்திரை'. 'முத்திரை வருது' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் தராசுகள் தாமாகவே நேராகிவிடும். ஓய்வு பெற்ற மறுவாரம், "நாளையிலேருந்து நறுக்குற வேலை எனக்கு," என்று அடுப்படிக்குள் வந்தார். வீட்டிலிருந்த கத்தியை எடுத்து வெங்காயத்தின் மேல் வைத்து அழுத்தினார். வெங்காயம் நழுவி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே ஒரு தக்காளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கத்தி வாங்கக் கிளம்பினார்.

ஒன்பது கடை ஏறினார். அவர் தலையைக் கண்டதுமே முதல் மூன்று கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அவர் தக்காளியை எடுத்துக் கல்லாமேல் வைத்து, "கத்தி காட்டு," என்றதும் ஒருவருக்கு நெஞ்சே அடைத்துவிட்டதாம். ஆறு கத்தி கொண்ட பெட்டியை ஒருவர் காட்டினார். "இதுல அஞ்சு எதுக்கு?" என்று இவர் கேட்டார். பட்டுத்துணியில் படுத்திருந்த ஒன்றை இன்னொருவர் காட்டினார். "விலை கத்திக்கா, மெத்தைக்கா?" என்று கேட்டார். நாலாவது கடைக்கும் ஐந்தாவது கடைக்கும் நடுவே பஸ்ஸில் நெரிசல். சட்டைப்பையில் தக்காளி நசுங்கி, இடது மார்பு முழுக்கச் சிவப்பாக வழிய, ஒரு பெண் அலறி, டிரைவர் பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கே ஓட்டப் பார்த்திருக்கிறார். இவர் இறங்கி, புதுத் தக்காளி வாங்கிக்கொண்டு ஐந்தாவது கடைக்குப் போனார். ஒன்பதாவது கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அல்ல, வாசலில் வாளிக்குள் கிடந்த கத்திகளில் ஒன்று, அழுத்தாமலே தக்காளித் தோலில் இறங்கியது. விலை இரண்டு பேர் டீயும் பன்னும் சாப்பிடுகிற அளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி போயிற்று. அதைத் தொட்டித் தண்ணீரில் போடக்கூடாது. எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கக்கூடாது. கரண்டிகளோடு ஒரே டப்பாவில் அடைக்கக்கூடாது. அவள் ஒருமுறை அதை வைத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டாள். "உன் கத்தரிக்கோலைக் கொண்டு நான் காகிதம் வெட்டினப்ப நீ பேசின பேச்சு ஞாபகம் இருக்கா?" என்றார். ஞாபகம் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கிறவளின் துணிக்கத்தரியால் மின்சார பில்லை வெட்டியவரிடம் அவள் பதினொரு நாள் பேசவில்லை. அதனால் பால் பாக்கெட் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

"கத்தியை இங்க வச்சிட்டு டோக்கன் வாங்கிக்குங்க," என்றார் காவலாளி. "தக்காளியை நானே இங்க நறுக்கித் தரேன்."

"மூணாவது மாடி போறதுக்குள்ள நீர் விட்டுடும். திருப்பி அனுப்பிடுவார்."

"லிஃப்ட் இருக்கேம்மா."

"லிஃப்டுக்கு நிக்கிற கூட்டத்தைப் பார்த்தீங்களா?"

பார்த்தார். மீசையைத் தடவினார். வாசலை உடனிருந்த இன்னொரு காவலாளியிடம் ஒப்படைத்தார். "வாங்க. கத்தி என் கையிலதான் இருக்கும். நறுக்கினதும் நான் கொண்டாந்துடுவேன். டோக்கன் டோக்கன்தான்." கத்தியை முஷ்டியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். லிஃப்டுக்கு நின்ற கூட்டம் அதைப் பார்த்ததும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. இருவர் மட்டும் சௌகரியமாக மேலே போனார்கள்.

வார்டில் அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். பேச்சு இப்போதெல்லாம் தவணை முறையில்தான். இரண்டு சொல், ஒரு மூச்சு. இதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். மகள் அம்மாவிடம், "பார்க்கலாம்னு சொன்னார்மா," என்று மாற்றிச் சொன்னாள். அம்மாவுக்கு அது புரியாமலில்லை.

காவலாளியைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. "யார் இது? கத்திய... பிடிக்கிற லட்சணம்."

"செக்யூரிட்டி சார். பாதுகாப்புக்கு வந்திருக்கேன்."

"எனக்கா... அதுக்கா?"

"அதுக்குத்தான் சார்."

பதில் அவருக்குப் பிடித்துப்போனது. கட்டிலில் தொங்கிய அட்டைக் கோப்பை எடுத்து அவர் மடியில் வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, தக்காளியை வைத்தாள் அவள். கத்தியை அவர் கையில் கொடுக்கலாமா என்று காவலாளி அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் கை நடுங்கியது. ஆனால் கத்தி தோலைத் தொட்டதும் நடுக்கம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ஒரு துண்டு சாய்ந்தது. அடுத்தது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து வெளியே வந்தது.

காவலாளி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இது ரொம்ப விலையா?"

"ஒரு வேளை... டீச் செலவு."

"என் வீட்ல ஒரு கத்தி இருக்கு சார். தினம் அதைத் திட்டிக்கிட்டே என்னையும் சேர்த்துத் திட்டுறா. எதைப் பார்த்து வாங்கணும்?"

பத்து நாளாக மருத்துவமனையில் எல்லோரும் அவரிடம் கேட்ட கேள்விகள் 'வலிக்குதா', 'வெளிக்கிப் போனீங்களா' இரண்டும்தான். இப்போது ஒரு மனிதர் அவரிடம் யோசனை கேட்கிறார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெட்டி பார்த்து... வாங்காத. ஒண்ணு போதும். நீளம்... உன் கை அளவுக்கு மேல... கொஞ்சம். பல்லு வச்சது வேணாம். மழுங்கினா... தீட்ட முடியாது."

"இருங்க சார், இருங்க." காவலாளி சட்டைப்பையிலிருந்து பார்வையாளர் சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"பிடியைப் பாரு. இரும்பு... பிடியோட கடைசி வரைக்கும்... போகணும். கையை நனைச்சுக்கிட்டுப் பிடி. வழுக்கினா... வச்சிட்டு வா."

"கடைக்காரன் கையை நனைக்க விடுவானா சார்?"

"எச்சில் பண்ணிக்கோ."

அடுத்த கட்டில்காரர் இருமலுக்கு நடுவே சிரித்தார். நர்ஸ் திரும்பிப் பார்த்து, கட்டில்மேல் பளபளத்ததைக் கண்டு, ஊசித் தட்டோடு ஓடிவந்தாள். "கத்தியா? வார்டுக்குள்ளயா?"

"பாதுகாப்புல நான் இருக்கேன் சிஸ்டர்," என்றார் காவலாளி, எழுதுவதை நிறுத்தாமல். "சார், தீட்டுறது?"

"டீ குடிக்கிற... பீங்கான் கப். கவுத்துப் போடு. அடி விளிம்பு... சொரசொரன்னு இருக்கும். அதுல... இழு. சாய்ச்சு. ரெண்டு பக்கமும்... சமமா." 'சமமா' என்று சொல்லும்போது முப்பது வருட உத்தியோகம் குரலில் வந்துபோயிற்று.

முந்தானையில் முடிந்து வந்த உப்பில் ஒரு சிட்டிகையை அவள் தூவினாள். அவர் ஒரு துண்டு தின்றார். கண்ணை மூடி மென்றார். இரண்டாவதையும் தின்றார்.

"உப்பு கம்மி."

"உப்பே போடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார். நான் போட்டதே தப்பு."

"போட்டதுதான் போட்ட... ஒழுங்கா போடக்கூடாதா?" மூன்றாவது துண்டை விரலிடுக்கில் எடுத்துக்கொண்டார். "கத்தியக் கழுவு. புளிப்பு... ஊறினா கறுத்துடும். உடனே துடை."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லுவ. அப்படியே... போட்டுடுவ."

"சும்மா படுங்க."

வார்டின் கடைசியில் குழாய் இருந்தது. அவள் கழுவினாள். காவலாளி பக்கத்தில் நின்று கண்காணித்தார், அவள் ஓடிவிடப் போகிறவள் போல. முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம், பிடியும் இரும்பும் சேருகிற இடுக்கு எல்லாம் துண்டின் நுனியால் துடைத்தாள். வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு துளி இருந்தது. அதையும் துடைத்தாள். உறையில் செருகிக் காவலாளியிடம் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார். காவலாளி குரலைத் தாழ்த்தினார். "சார் அசந்துட்டார். எழுந்ததும் என் வணக்கத்தைச் சொல்லுங்கம்மா." பூட்ஸ் சத்தம் வராமல், நுனிக்காலில் நடந்து போனார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மிச்சத் தக்காளியைத் தட்டில் ஒதுக்கி வைத்தாள். அட்டைக் கோப்பைத் துடைத்தாள். துண்டை உதறி மடித்தாள். பதிலைத் தயாராக வைத்திருந்தாள்: 'கழுவி, துடைச்சு, வெளிச்சத்துல பார்த்து, உறையிலயும் போட்டாச்சு. போதுமா?'

துடைச்சியா என்று அவர் கேட்கவில்லை.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அவர் விரலிடுக்கிலிருந்த துண்டை மெல்ல எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டாள்.

இளம் டாக்டர் வந்து காதில் குழாயை மாட்டி, எடுத்து, கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ படிவம் நிரப்பினார். "கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"தக்காளி. ரெண்டு துண்டு."

"உப்பு போட்டா?"

"போதலைன்னு சொன்னார்."

டாக்டர் பேனாவை நிறுத்தி, அவளைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மகள் ஆட்டோவில் வந்து சேர்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கீழே ஒரு அறையில் ஒன்று, இன்னொரு அறையில் இரண்டு. ஒரு குமாஸ்தா அவர் பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, திரும்பவும் தப்பாக எழுதினார். எல்லாம் முடிந்து மஞ்சள் உறையில் காகிதங்களைக் கொடுத்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. வண்டி பின்வாசலுக்கு வரும் என்றார்கள்.

"நான் முன்வாசலுக்குப் போய்ட்டு வரேன்," என்றாள்.

"எதுக்கும்மா?"

"கத்தி அங்க இருக்கு."

"அம்மா! இப்போ அதுவா முக்கியம்? வேற வாங்கிக்கலாம்மா."

"வேற வாங்கறதுன்னா ஒன்பது கடை ஏறணும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள். மகளும் பின்னாலேயே வந்தாள்.

வாசலில் வேறு ஆள் நின்றிருந்தான். டோக்கனைக் காட்டினாள். அவன் மேசை இழுப்பறையைத் திறந்து குடைந்தான். இரண்டு சிகரெட் பெட்டி, ஒரு லைட்டர், ஒரு பொம்மைத் துப்பாக்கி. "கத்தி எதுவும் இல்லியேம்மா."

"இங்க இருக்கும்மா!"

மரத்தடி பெஞ்சிலிருந்து மீசைக்காரர் எழுந்து வந்தார். சீருடையைக் கழற்றிக் கட்டம் போட்ட சட்டைக்கு மாறியிருந்தார். கையில் சாப்பாட்டுப் பை. "ரெண்டு மணிக்கே டூட்டி முடிஞ்சிது. இவன்கிட்ட விட்டா இதை வச்சுப் பார்சல் கயிறு அறுப்பான். அதான் உக்காந்துட்டேன்." கைக்குட்டையில் சுற்றியிருந்த உறையை எடுத்து நீட்டினார். "சார் எழுந்துட்டாரா? ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு..."

அவர் கண் மஞ்சள் உறையில் விழுந்தது. இருபது வருடம் அந்த வாசலில் நின்றவர். எந்த நிற உறையை எப்போது கொடுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே யாரோ சக்கர நாற்காலி ஒன்றைக் கிறீச்சிட்டுத் தள்ளிப் போனார்கள்.

அவர் கத்தியை அவள் கையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பார்வையாளர் சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"எலும்பு வெட்டலாமாம்மா இதுல?"

"கூடாது," என்றாள் அவள். "மெல்லிசு. வாய் உடைஞ்சு போயிடும். எலும்புக்குக் கறிக்கடையிலயே வெட்டி வாங்கிக்குங்க. பூசணிக்காயும் அப்படித்தான். மாட்டிக்கிச்சுன்னா திருகக்கூடாது. நேரா வெளிய இழுக்கணும்."

"திருகக்கூடாது," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பாதியில் பேனா நின்றுவிட்டது. உதறினார். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

பின்வாசல் பக்கமிருந்து வண்டி ஹாரன் கேட்டது. "அம்மா," என்றாள் மகள்.

"இரு."

அவள் பைக்குள் துழாவி, துணியில் கோடு போடுகிற நீலப் பென்சிலை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, சீட்டைச் சுவரில் வைத்து, எழுத்தெழுத்தாகக் குத்தி எழுதினார்.

"அப்புறம்?" என்றார்.

"மெதுவா எழுதுங்க," என்றாள் அவள்.