மெக்கானிக் வீட்டுக் கம்ப்யூட்டர்

ஊரிலுள்ள கம்ப்யூட்டருக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உருப்படியாக ஓடாது. கழற்றிய மூடியை மாட்டாமல், குடல் தெரிய, கூடத்து மூலையில் அந்தப் பெட்டி கிடக்கும். கடையில் அவசரமென்றால் மெக்கானிக்கின் கை நேராக அதற்குள்தான் போகும். ஒருநாள் ஃபேன் போயிற்று. பிறகு ராம் மெமரி. பவர் சப்ளையும் போனபோது மனைவி, "அப்படியே உங்க சட்டை பட்டனையும் பிச்சுக் குடுத்துட்டு வாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்" என்பது அவருடைய நிரந்தரப் பதில். ஞாயிறும் வந்து வந்து போயிற்று.

இப்போது தப்ப முடியாது. கார்ட்டூன் கம்பெனி ஒன்றில் நாளைக்கு மகளுக்கு நேர்காணல். வரைந்த படங்களைக் காட்டினால்தான் வேலை. அது ஓடிக்கொண்டிருந்த கல்லூரிக் காலம் முழுக்க அவள் வரைந்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

கடையைச் சாத்திவிட்டு, இடுப்பு ஒடிய, சாமான் பையோடு வந்தார். சாப்பிடக்கூட உட்காரவில்லை. மகள் டார்ச் பிடித்தாள். ப்ராசசர் மேல் பசை தடவி ஃபேனை உட்கார வைத்தார். ராமை அழுத்தியதும் டக்கென்று கவ்விக்கொண்டது. பவர் சப்ளையைத் திருகி முடித்தார். கண் எரிந்தது. இந்தப் பிழைப்பே வேண்டாமென்று தினமும் நினைப்பதை இன்றும் நினைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதாப்பா?"

"ஒரே ஒரு ஒயர்தாம்மா."

அந்த ஒயரை, படங்களெல்லாம் பதிந்திருக்கிற ஹார்ட் டிஸ்கில் செருகக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். அங்கே ஹார்ட் டிஸ்க் இல்லை.

போன மாதம் ஒரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் படுத்துவிட, டாக்டர் போன் மேல் போன் போட, விடிந்தும் விடியாமலும் தூக்கக் கலக்கத்தில் அதைக் கழற்றிக்கொண்டு போனது அவரேதான். சும்மா கிடக்கிற பெட்டிதானே என்று உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்கவில்லை. சுத்தமாக அழித்து மாட்டிவிட்டார். இந்நேரம் அதன்மேல் எத்தனையோ எக்ஸ்ரே படங்கள் ஏறியிருக்கும். இனித் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் திரும்பாது.

கடைக்கு வருகிறவர்களிடம் இந்த மனுஷன் முதலில் கேட்பது ஒரு கேள்வி. இல்லையென்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு அரைமணி நேரம் வசவு நிச்சயம். பழக்கதோஷம், அதே கேள்வி இப்போதும் வாயில் வந்துவிட்டது.

"வேற எதுலயாவது காப்பி எடுத்து வச்சிருக்கியாம்மா?"

மகளுக்குப் புரிந்துவிட்டது. டார்ச்சை அணைத்தாள்.

"நீங்க இருக்கீங்களேன்னு எடுக்கலப்பா."