கூரைத் தண்ணீர்

"அம்மா, வெளிய வா! கூரையில புகை!"

ஓர்லாவின் குரல் கேட்டு, பிலோமினா கெரட்டி கையில் இருந்த பாத்திரத் துணியோடு பின்பக்கம் ஓடிவந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. கணப்பு மூட்டவேயில்லை. ஆனாலும் கூரை ஓரத்து மழைநீர்க் குழாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஓர்லா குழந்தை ஈஃபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் நின்ற கேரவனின் படியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேயறைஞ்ச மாதிரி நிக்காதடி! தீயணைப்புக்குப் போன் போடு!"

"தீ இல்லைங்க, பயப்படாதீங்க." பக்கவாட்டுச் சந்து வழியாக மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். நகராட்சி இன்ஜினியர். "ரோட்டு மேன்ஹோல் வழியா நாங்கதான் சாக்கடைக்குள்ள புகை விடறோம். எந்தக் கூரைக் குழாயில புகை வருதோ, அந்தக் கூரைத் தண்ணி சாக்கடைக்குள்ள போகுதுன்னு அர்த்தம். போகவே கூடாது."

பிலோமினா தெருவை எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு மலக்கி ட்யூட்டின் கூரை புகைந்தது. அவருக்குப் பக்கத்து வீடும் புகைந்தது. ஞாயிறு தவறாமல் பூசை பார்க்கிறவர்கள் வீடு, பார்க்காதவர்கள் வீடு என்று வித்தியாசம் இல்லாமல் தெரு மொத்தமும் புகைந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடமாக எங்கள் பாலிகார்னாவில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, சாக்கடையில் இடமில்லை. தலைநகர் டப்ளினில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் ரயிலேறி இங்கே வந்து குவிய, வயலெல்லாம் வீடாகிவிட்டது. சாக்கடை மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த உண்மையை முதலில் கையில் எடுத்தது எங்கள் தெரு, எடுத்த காரணம் வேறு. தெருக்கோடி வயலில் கோலி குடும்பத்தாருக்கு ஆறு வீடு கட்டித்தர நகராட்சி முடிவு செய்திருந்தது. கோலிகளும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தாம். அதே நிறம், அதே கோயில். பரம்பரையாக வண்டியில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான். ஊர் அவர்களை வண்டிக்காரங்க என்று சொல்லும். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிந்து அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்று, அன்றைக்குப் பார்த்து ஊரிலுள்ள மதுக்கடை எல்லாம் பழுதுபார்க்கிறோம் என்று கதவடைக்கும். எவ்வளவோ காலமாகப் பைபாஸ் ஓரத்தில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு அவர்கள் கிடக்கிறார்கள்.

வண்டிக்காரங்க வேண்டாம் என்று மைக்கில் சொன்னால் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள். அதனால் தெரு கூடிப் பேசி, சாக்கடையில் இடமில்லை என்று சொன்னது. நல்ல வெள்ளைத் துணியாகப் பார்த்து அழுக்கை மூடிவிட்டார்கள். நகராட்சியும் நம்பியது. நம்பி, சரி, இடம் வரும்வரை யாருக்கும் புது இணைப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது.

யாருக்கும் என்றால் ஓர்லாவுக்கும்தான். அம்மா வீட்டை ஒட்டின காலி மனையில் வீடு கட்ட அவளும் கணவன் டொனாலும் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள். அது அப்படியே நின்றது. அம்மா வீட்டு மாடியில் அண்ணன் குடும்பம் அடைந்து கிடந்ததால், இவர்கள் தோட்டத்தில் ஒரு பழைய கேரவனைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார்கள். அதன் கழிவறைக் குழாயை டொனால் சத்தமில்லாமல் அம்மாவின் சாக்கடையில் சேர்த்துவிட்டான். தெருவுக்கே தெரியும். நம்ம பொண்ணுதானே என்று யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு குளிர்காலம் அந்தத் தகரப் பெட்டியில் ஓதம் ஏறி, ஈஃபாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூன்றாவது குளிர்காலம் வாசலில் நின்றது.

"மழை நாள்ல சாக்கடையில ஓடறது முக்கால்வாசி உங்க கூரைத் தண்ணிதான்," என்றாள் இன்ஜினியர். "ஒரு பதினைஞ்சு வீட்டுக் குழாயை வெட்டி, தோட்டத்துல குழி தோண்டி மழைத்தண்ணியை மண்ணுல இறக்கிட்டா போதும். ஆறு வீட்டுக்கும் இடம் வந்துடும், உங்க பொண்ணு வீட்டுக்கும் வந்துடும். நாங்களே வந்து செஞ்சு தரோம். நீங்க சரின்னு சொன்னா போதும்."

"சொல்லலேன்னா?" என்றாள் பிலோமினா.

"கோர்ட்டுக்குப் போகணும். அது வருஷக்கணக்கா இழுக்கும்."

"என் வீட்டுக்கு மட்டும் முதல்ல கொடுக்க முடியாதா?" என்று கேட்டாள் ஓர்லா.

"கோலி குடும்பம் உங்களுக்கு முன்னாடியே காத்திருக்காங்க. அவங்க ஆறு வீடு, அப்புறம் நீங்க."

பிலோமினாவின் முகம் சுண்டிப்போனது. ஓர்லாவுக்கோ அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. பதினைந்து வீடு எம்மாத்திரம், பேத்திக்காக அம்மா சரி என்றால் தெருவே சரி என்றுவிடும் என்று அவள் நினைத்தாள். பாவம்.

சாயங்காலம் பிலோமினாவின் முன்னறையில் தெரு கூடியது. விருந்தாளிக் கோப்பைகள் வெளியே வந்தன. பன்றி இறைச்சி வைத்த ரொட்டித் துண்டுகள் தட்டுத் தட்டாக வந்தன. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தரும் சரின்னு சொல்லப்படாது," என்றார் மலக்கி. குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்தான். "குழாயை வெட்டினா இடம் வரும். இடம் வந்தா அவங்க வருவாங்க. அவ்வளவுதான் கணக்கு."

"அப்ப இத்தனை நாளா இடமில்லை இடமில்லைன்னு சொன்னது?" ஓர்லா கதவோரம் நின்று கேட்டாள். குழந்தை அவள் தோளில் கிடந்தது. அதன் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டது அறை முழுக்கக் கேட்டது.

"நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது. உன் விஷயத்துக்கு நாங்க கவுன்சிலரைப் பாத்துப் பேசறோம். நீ நம்ம பொண்ணு. உன் கேஸ் வேற."

"என்ன வேற? நானும் கேரவன்லதான் இருக்கேன். வின்னி கோலியும் கேரவன்லதான் இருக்கா. நானும் அவளும் ஒரே பெஞ்சுல படிச்சோம். நான் திருட்டுத்தனமா உங்க சாக்கடையில விடறேன். அவளுக்கு அதுக்கும் வழியில்ல."

"ஓர்லா!" பிலோமினா தேநீர்ப் பாத்திரத்தை மேசையில் டொக்கென்று வைத்தாள். "பெரியவங்க முன்னாடி பேசற பேச்சா இது?"

"நீ சொல்லும்மா. உன் குழாயை வெட்டலாமா, கூடாதா?"

பிலோமினா மலக்கியைப் பார்த்தாள், சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது யார் யார் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். "இது உங்கப்பா கட்டின வீடு. நான் இருக்கறவரைக்கும் ஒருத்தனும் கை வைக்க முடியாது," என்றாள். "குழந்தையை வேணும்னா என்கூடப் படுக்க வை."

குழந்தை மூச்சுக்கு இழுக்கிறது, பாட்டி ஊருக்குப் பயப்படுகிறாள். இதற்குப் பெயர் கௌரவமாம்.

ஓர்லா கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். டொனாலின் ரம்பம் கேரவனுக்கு அடியில் இருந்தது. முன்னறையில் யாரோ இரண்டாவது கோப்பைக்குச் சர்க்கரை கேட்டுக்கொண்டிருக்கும்போது கரகரவென்று அறுக்கும் சத்தம் வந்தது. சன்னலுக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய் ஒரு முழத்துக்கு அறுந்து விழுந்தது. மொத்தக் கூரைத் தண்ணீரும் பிலோமினாவின் பூப்பாத்தியில் கொட்டியது.

"பிலோ, அவளைத் தடுங்க!" என்று மலக்கி எழுந்தார்.

நனைந்த தலையோடு ஓர்லா சன்னலருகே வந்தாள். "இது எங்கப்பா வீட்டுக் குழாய். வெட்டியாச்சு. பாக்கி பதினாலு உங்க வீட்டுல இருக்கு."

ஒருவர் பின் ஒருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். எங்கள் ஊரில் விடைபெற அரைமணி நேரம் ஆகும். அன்றைக்கு வாசல் ஒரு நொடியில் காலியானது.

மறு வாரமே நகராட்சியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். தெருவாசிகள் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றான். தோட்டத்தில் அனுமதியில்லாத கேரவன், அதிலிருந்து சாக்கடைக்குத் திருட்டு இணைப்பு, சுகாதாரக் கேடு. கழிவறைக் குழாயை அன்றைக்கே பிடுங்கி அடைத்தார்கள். கேரவனை எடுக்கக் கெடு வைத்தார்கள்.

பிலோமினா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் மலக்கியின் வீட்டுக்கு ஓடினாள். "நம்ம பொண்ணுன்னு சொன்னீங்களே மலக்கி! குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போவா?"

மலக்கி கதவைப் பாதிதான் திறந்தார். "வண்டிக்காரங்களுக்காகப் பேசறவ வண்டிக்காரங்ககிட்டயே போகட்டும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கெடு முடிந்த அன்று டொனால் தன் வேனில் கேரவனைக் கோத்து இழுத்துக்கொண்டு போனான். ஓர்லா அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாள், கோபமில்லாமல்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகுதான் ஈஃபாவின் மூச்சு மருந்து அடுக்களையில் இருந்ததை பிலோமினா பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு, வேன் போன பைபாஸ் பக்கம் நடந்தாள். தெருச் சன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன. யாரும் வெளியே வரவில்லை.

பைபாஸ் ஓரம் அவள் கால் வைத்திராத இடம். சேறும் சகதியுமாகக் கிடந்தது. கோலி வீட்டு ஆண்கள் தங்கள் கேரவன் ஒன்றைத் தோள் கொடுத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் வேலிக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து திறந்தது. டொனால் வேனைப் பின்னால் எடுக்கத் தயங்கினான். கம்பளிச் சால்வை போர்த்திய வின்னி கோலி சேற்றில் இறங்கி நின்று, இரண்டு கையையும் ஆட்டி அவனைக் கூப்பிட்டாள்.

பிலோமினா மருந்துப் புட்டியோடு சாலை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு வருடமாக அவள் ஊரில் யாரும் சொல்லாத வார்த்தை அங்கே சத்தமாகக் கேட்டது.

"வா, பின்னால வா. இன்னும் வா. பயப்படாத, இடம் இருக்கு."