ஓடியவை நாற்பத்து மூன்று

1

"நல்ல பூச்சிக்கு, தான் நல்ல பூச்சின்னு தெரியுமாம்மா?"

ஆறு வயதுப் பெண் ஒருத்தி வாயில் பற்பசை நுரையோடு கேட்ட கேள்வி இது. இந்தக் கதை இதிலிருந்துதான் பிறந்தது. அவர்கள் குடியிருப்பது கீழ்வீடு, நான் நடுவீடு. குளியலறை ஜன்னல் வழியாகக் கேள்வி மேலே ஏறி வந்தது. அம்மாவின் பதிலும் வந்தது.

"துப்பிட்டுப் பேசு."

தோட்டத்துக்கு நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றி இதமாக ஒரு கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மனதார நினைத்துச் செய்யும் சின்ன நல்லது எதுவும் வீண்போகாது என்று கடைசி வரியைக்கூட முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்குள் போகிறவருக்கு இப்படித்தான் முகத்தில் அறை விழும்.

2

முதல் தொடக்கம்: "மொட்டை மாடியில் செம்பருத்தி பூத்திருந்தது."

(பூக்கவில்லை. மொட்டெல்லாம் மாவுப்பூச்சி அப்பி, பஞ்சு ஒட்டியது போல வெளுத்து, உதிர்ந்துகொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "கீழ்வீட்டுக்காரி ஒரு தையல்காரி."

இதுவும் பொய். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, எது எந்த அணு, எத்தனை என்று எண்ணிச் சொல்பவள். பதினோரு வருடத்தில் ஒன்றை இன்னொன்றாக எண்ணியதில்லை. அப்படிப்பட்டவள் கையால் இந்தத் தவறு நடந்தது என்று எழுத மனம் வரவில்லை. தையல்காரி என்றால் வாசகர் மன்னித்துவிடுவார் என்று கோழைத்தனமாக நினைத்தேன். (தையல்காரிகள் என்னை மன்னிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு என்ன குறைச்சல்?)

3

மேல்வீட்டில் இருப்பவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் டிரைவர் அண்ணன். அவர் மனைவி போன வருடம் இறந்துபோனார். போவதற்கு முன்பு ஒரு குச்சியை ஒடித்து மொட்டை மாடித் தொட்டியில் ஊன்றிவிட்டுப் போனார். அதுதான் அந்தச் செம்பருத்தி. அதைச் சுற்றி அண்ணன் விசித்திரமான வேலைகள் செய்து வைத்திருந்தார். கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டிருந்தார். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார். கேட்டால், "விருந்தாளிங்க வருவாங்க" என்பார்.

கண் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிய காலையில் மாடிச் சாவியைக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்தார்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க தங்கச்சி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"வெள்ளப் பூச்சி இப்படி அப்பிக் கெடக்கே அண்ணா. மருந்து ஏதாச்சும் அடிக்கட்டுமா?"

"மருந்தா? உங்க அண்ணி கனவுல வந்து என்னைத்தான் அடிப்பா. அதுக்குன்னு ஆளுங்க வந்தாச்சு. அவங்க பாத்துப்பாங்க."

"யாரு வந்திருக்காங்க?"

கீழே வாடகைக் கார்க்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் பதில் சொல்லாமலே இறங்கிவிட்டார்.

(அந்த ஒரு ஹாரனை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மூன்று பிரதிகளில் எடுத்துப் பார்த்தேன். கதை நன்றாக இருந்தது. நடந்தது மாறவில்லை.)

4

ஞாயிற்றுக்கிழமை. வாளியில் சோப்புத் தண்ணீர், ஒரு டப்பா பஞ்சுக் குச்சி. அண்ணன் திரும்பி வந்து கண் கட்டை அவிழ்த்ததும் முதலில் பார்ப்பது சுத்தமான செடியாக இருக்கட்டும் என்று கீழ்வீட்டுக்காரி நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு குறையும் இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பஞ்சு போர்த்தியவற்றில் சில மட்டும் பெரிதாக இருந்தன. தொட்டால் ஓடின. பெருந்தலைகளை முதலில் பிடிப்போம் என்று துரத்தித் துரத்தித் துடைத்து வாளியில் போட்டாள். வேலைப் பழக்கம் விடுமா? கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் கவுண்டர் கையிலேயே இருந்தது. கிளிக், கிளிக். ஓடியவை நாற்பத்து மூன்று. மற்றதை எண்ணவில்லை, மொத்தமாக வழித்துவிட்டாள்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்று காலையில்தான். கேட்டுவிட்டு, "டிரைவர் மாமா சொன்னாரு" என்று மேலே தொடங்கியவளைத்தான் அம்மா துப்பச் சொன்னாள்.

இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது. வாளியோடு படியேறியவளைப் பார்த்து, "நல்லது செய்யறீங்க, கடவுள் பாத்துக்கிட்டுதான் இருப்பாரு" என்று வாழ்த்தி அனுப்பியது நான்.

5

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரின் காதருகே மருமகள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, செடியைப் பளிச்சுன்னு ஆக்கிட்டேன். ஒரு பூச்சி இல்ல!"

"எந்தப் பூச்சிம்மா?"

"வெள்ளப் பூச்சிதான்."

"உக்காந்திருந்துச்சா, ஓடுச்சா?"

"ஓடுச்சுண்ணா! என்னா ஓட்டம்! விடுவனா நான்?"

"மாமா? லைன் கட்டாயிடுச்சா?" என்று மருமகளின் குரல் கேட்டது.

"இல்ல. இருக்கேன்." பிறகு மெதுவாக, "உக்காந்திருக்கறதுதான் மாவுப்பூச்சி. ஓடறது அதைத் திங்கற பொறிவண்டோட குஞ்சு. அதுவும் அதே மாதிரி வெள்ளையா போத்திக்கிட்டுத்தான் திரியும். மூணு மாசமா தேடித் தேடிக் கொண்டாந்து விட்டேன்."

அவளுக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

"தண்ணி மட்டும்னுதானேம்மா சொன்னேன்."

6

அதை அவள் நம்பவில்லை என்பதல்ல. கண்ணால் பார்த்தால்தான் ஏற்கிற பிழைப்பு அவளுடையது. வாளியின் அடியில் ஒட்டியிருந்த ஒன்றைக் கண்ணாடித் துண்டில் வைத்து, உணவு இடைவேளையில் மைக்ராஸ்கோப்பின் கீழே நகர்த்தினாள். வெள்ளைப் போர்வைக்குள்ளே முற்றிலும் வேறொரு உடம்பு. தாடை. தாடையில் பாதி தின்ற மாவுப்பூச்சி.

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்திருந்தது.

இதை எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அவளே சொன்னாள். "சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியலைங்க" என்றாள்.

பத்தே நாளில் இடுக்குகளில் தப்பிய மாவுப்பூச்சி செடி முழுக்கப் பரவியது. தின்ன ஆளில்லை. இலைகள் சுருங்கின.

7

இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அண்ணன் திரும்பி வந்து, "நானும் முதல் தடவை இதே தப்பைத்தான் பண்ணேன்" என்று சிரிக்கிறார். (அவர் சிரிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

செடி பட்டுப்போகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் வீடு மாறுகிறார்கள். (எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அண்ணன் வந்தார். ஒரு மாதத்துக்கு வெயிலும் தூசியும் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். படிக்கட்டில் அவளைப் பார்த்தால் தலையசைத்தார், பேசவில்லை. சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அது கோபமா, மறதியா, நம்பிக்கையா?

இதற்கிடையில் அந்தக் குழந்தை என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுக் காதில் சொன்னது:

"அம்மா ஆபீஸ்ல வண்டி நிறுத்தற எடத்துல ஒரு பப்பாளி மரம் இருக்கு. அதுல தொட்டா ஓடற பூச்சி இருக்கு. ரத்தம் எடுக்கற டியூப்ல பஞ்சு அடைச்சு அம்மா கொண்டு வருது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்ற?"

"நீங்க கதைதானே எழுதுவீங்க? அதை யாரு நம்புவா?"

8

இப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. படியில் செருப்பில்லாத காலடி. என் கதவைத் தாண்டுகிறது. மேல்வீட்டுக் கதவருகே ஒரு நொடி நின்று, இன்னும் மேலே போகிறது. தாழ்ப்பாள் விலகுகிறது.

பின்னாலேயே போய்ப் பார்த்தால் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்: செடி துளிர்த்ததா, இலை மறைவில் யார் ஓடுகிறார்கள் என்று. ஆனால் போனால் நாம் சாட்சியாகிவிடுவோம். இந்தக் கடன் சாட்சியில்லாமல் தீர வேண்டியது. ஒருமுறை கடவுள் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை அவர் மட்டும் பார்க்கட்டும். நாம் இந்தப் படியிலேயே நிற்போம். செடி பூப்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று வரை கொண்டுவந்து விட்டது நாற்பத்தொன்று என்று குழந்தை சொன்னது.

கிளிக்.

கிளிக்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு கிளிக்.