மாமனார் தலைமை தாங்கும் மேசை

1

போதகர் லிஹாண்டா என்னிடம் கதை கேட்கவில்லை. சபையின் ஆண்டுவிழா மலருக்கு ஒரு பக்கக் கட்டுரைதான் கேட்டார்: நம் சபையில் பொறுப்புகள் எப்படிப் பகிரப்பட்டிருக்கின்றன. மேலே போதகர், அடுத்து மூப்பர் குழு, அதன் கீழே பாடகர், ஓய்வுநாள் பள்ளி, இளைஞர், நோயாளிகளைச் சந்திக்கும் குழு என்று கட்டங்கள் போட்டுக் கோடு இழுத்துத் தரச் சொன்னார். பாடகர் குழுத் தலைவனான எனக்கு எழுதவும் வரும் என்பது அவர் நினைப்பு.

மூப்பர் குழுவிலிருந்து சந்திப்புக் குழுவுக்குக் கோடு இழுக்கும்போது என் கை நின்றுவிட்டது. அந்தக் கோட்டில்தான் ரஸோவா செத்துப்போனாள்.

(இந்த வாக்கியத்தை மலரில் போடமாட்டார்கள். ஆகவே இது மலருக்கு அல்ல.)

2

அயூமா துணிச்சலான பெண். யாருக்கும் அஞ்சாமல்—

இல்லை. அயூமா பயந்தவள். எங்கள் ஊர் ககமேகாவின் சந்தையில் கருவாடு விற்கிறாள். விலை பேசும்போதுகூடக் குரல் உயராது. சந்திப்புக் குழுவில் அவளுக்கு நல்ல பெயர், ஏனென்றால் நோயாளி பேசும்போது குறுக்கே பேசமாட்டாள். அவள் மாமனார் யோனா ஷிதாண்டிதான் மூப்பர் குழுவுக்குத் தலைவர்.

எங்களில் மருமகள் மாமனார் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கை கொடுக்கமாட்டாள். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்காரமாட்டாள். கணவனின் அண்ணனிடமும் அப்படித்தான். ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடுவில் ஓர் ஆள் வேண்டும்.*

* முதலில் இதைக் 'கட்டுப்பாடு' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் வருகிற பாதையில் யோனாவும் விலகித்தான் நிற்பார். மரியாதை இரண்டு பக்கமும் உண்டு.

3

எங்கள் சபைப் பெண் ரஸோவாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு உதிரம் நிற்கவில்லை. போய்ப் பார்த்த அயூமா, சபை வேனுக்குச் சொல்லி அனுப்பினாள். வேன் சாவி யோனாவிடம். சந்திப்புக் குழுவின் பேச்சை மூப்பர் குழுவுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு மூப்பர் முசோட்ஸிக்கு. அவரோ தங்கை மகளின் கல்யாணத்துக்கு மாடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மும்முரத்தில் தன் ஆளிடம் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் யோனாவிடம் சொன்னான்.

பதில் வந்தது: நாளைக்குப் பார்க்கலாம்.

ரஸோவாவை மோட்டார் சைக்கிளில், அயூமாவின் மார்பில் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தது உடல்தான். குழந்தை பிழைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகே சபை கூடி முடிவெடுத்தது: இனி ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும், அந்தத் தலைவர் மூப்பர்களோடு ஒரே மேசையில் உட்காருவார். சந்திப்புக் குழுப் பெண்கள் அயூமாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

4

[இந்தக் காட்சியில் இடி மின்னல் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.]

ஆராதனை முடிந்து மூப்பர் அறையில் கூடினோம். மேசையின் தலைப்பக்கம் யோனா. அவருக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அயூமா வாசலிலேயே நின்றாள். அவள் உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரிந்தது.

முசோட்ஸிதான் ஆரம்பித்தார். "நில்லும்மா. மாமனார்கூட ஒரே மேசையில உக்காந்து டீ குடிக்கப் போறியா? ஊரே நம்ம சபை மேல பாட்டுக் கட்டும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். யோனா சிரிக்கவில்லை.

"நாமதானே முடிவு பண்ணோம், மூப்பரே," என்றார் போதகர்.

"பண்ணோம். பொம்பளைங்க இவளைக் கொண்டுவந்து நிறுத்துவாங்கன்னு யார் கண்டா? வேற ஆளே கிடைக்கலையா?"

"கேட்டுப் பாத்தாங்க," என்றாள் அயூமா, தரையைப் பார்த்தபடி. "கேட்ட எல்லாருக்கும் இங்க மாமனாரோ பெரிய மச்சினரோ இருக்காங்க."

முசோட்ஸி குரலைத் தணித்தார். "சரிம்மா. நீ அங்கேயே நில்லு. சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லு, நான் அவருக்குச் சொல்றேன்."

சொல்லி முடித்ததும், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்துவிட்டது. தேநீர்க் கோப்பையைத் தொட்டார், எடுக்கவில்லை.

அயூமா உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று எழுதுவது சுலபம். அவள் முழங்கால் மேசையில் இடித்துக் கோப்பைகள் எல்லாம் ஆடின.

"அப்பா," என்றாள். நடுவில் ஆள் இல்லை. "ரஸோவாவுக்கு ரத்தம் நிக்கல, வேன் இப்பவே வேணும்னு சொல்லி அனுப்பினேன். உங்க காதுக்கு என்ன வந்துச்சு?"

யோனா சுவரைப் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"பொம்பளைங்க வேன் கேக்கறாங்கன்னு வந்துச்சு," என்றார். "வழக்கமான சந்திப்புக்குத்தான்னு நெனச்சேன்."

"சாவி எங்க குழுகிட்ட இருக்கட்டும், அப்பா."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். அவள் கையில் கொடுக்க வழக்கம் விடாது. மேசை நடுவில் வைத்தார். பிறகுதான் எழுந்து வெளியே போனார். அவருடைய தேநீர் அப்படியே இருந்தது.

அயூமா சாவியை எடுத்துக்கொண்டாள்.

5

இங்கே நிறுத்தினால் ஒரு பாட்டோடு முடிக்கலாம்; பாடகன் கை அதற்குத்தான் துறுதுறுக்கிறது. ஆனால் அயூமாவும் யோனாவும் ஒரே வளவில் குடியிருக்கிறார்கள். சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு போக வேண்டும். எப்போதும் கொண்டுபோவது அவள் கணவன் எனோக்.

"நீ போகாதே," என்றான் எனோக். "வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாயே திறக்கல. நானே கொண்டுபோறேன்."

"அங்க வாயைத் திறக்க வெச்சது நான்தானே. நானே போறேன்."

சோளக்களியும் கீரையும் வைத்த தட்டோடு அவள் முற்றத்தைக் கடந்தாள். யோனா வெண்ணெய்ப்பழ மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டும் விலகவில்லை. ஏதோ சொன்னார். எனோக் பார்த்திருக்கிறான், காதில் விழவில்லை.

நான் அந்தக் கிழவருக்காகச் சில வசனங்கள் எழுதிப் பார்த்தேன். 'நீ செஞ்சதுதான் சரி.' இத்தனை நல்லவரை எனக்குத் தெரியாது. 'இனி என் முன்னால வராதே.' இதை எழுதியபோது சாவியை எடுத்துவைத்த அவர் கை நினைவுக்கு வந்தது. 'ரஸோவா வழியில என் பேரைச் சொன்னாளா?' இதை எழுதிவிட்டு மறுபடி படிக்க முடியவில்லை.

வேறு வழியில்லாமல் அயூமாவையே சந்தையில் போய்க் கேட்டேன். கருவாட்டை நிறுத்துக்கொண்டே சொன்னாள்:

"அதை எழுதாதீங்க. எழுதிட்டா, நாளைக்கு நான் எப்படி அவருக்குத் தட்டு கொண்டுபோவேன்?"

ஆகவே எழுதவில்லை. அவள் நிற்கிறாள், கீரையில் ஆவி பறக்கிறது, அவர் வாய் திறக்கிறார். உங்கள் வீட்டிலும் முகம் பார்த்துப் பேசாத ஒருவர் இருந்தால், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.