மோதிரத்தில் 17269

ஃபெஸ் நகரத்துக் கணக்கு ஆசிரியை ஸக்கியாவைத் தன் தாயுடன் பெண் கேட்டு வந்த ஜவாத், தன் மோதிரத்தில் 18416 என்றும் அவளுக்கான மோதிரத்தில் 17269 என்றும் பொறித்துக் கொண்டுவந்தான்.

"இது ரெண்டும் நேச எண்கள். அந்த எண்ணை விட்டுட்டு ஒண்ணோட மத்த வகுத்திகளைக் கூட்டினா இன்னொண்ணு வரும். உனக்குப் புரியறது கஷ்டம்," என்றான்.

ஸக்கியா பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே கணக்குப் போட்டாள்.

"என் மோதிரத்துல இருக்கற 17269-ஐ விட்டுட்டா இதுக்கு மூணே வகுத்தி. ஒண்ணு, ஏழு, 2467. கூட்டினா 18416 வரணும், வர்றது வெறும் 2475. உங்க நேசத்துல கிட்டத்தட்ட பதினாறாயிரம் குறையுதே!"

"அது 17296. தட்டான் மாத்திப் பொறிச்சுட்டான்," என்று முனகினான் ஜவாத்.

"தட்டானை விடுங்க. நீங்க ஒரு தடவையாவது கூட்டிப் பாத்தீங்களா?"

அவன் தலை கவிழ்ந்தது. அவன் தாய் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.